வில்லில் ஒட்டிய காடுகள்

கிள்ளானில் வில் செய்யும் அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டின் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தைத் தடுத்து ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் வில். இரண்டு ஆண்டுகளாக இரவல் வில்லில் பழகிய நான், சொந்தமாக ஒன்று கேட்டுப் போனேன். அவர் பழைய மைலோ டின் ஒன்றை எடுத்து மேசையில் கவிழ்த்தார். விரல் நீளத்துக்கு அறுத்த மரத்துண்டுகள் சிதறின. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் பெயர் எழுதியிருந்தது. பர்ப்பிள்ஹார்ட், படாக், ஜீப்ராவுட், புபிங்கா, வெங்கே, கொக்கோபோலோ. ஊதா நிறத்தில் ஒரு மரம் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னொன்று செங்கல்பொடியைக் குழைத்துச் செய்ததுபோல் சிவந்திருந்தது.

"பிடிக்கு ஒன்னு, கைக்கு ஒன்னு எடுத்துக்க தம்பி. எல்லாம் எக்ஸாட்டிக் மரம்."

நான் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எதுண்ணே அம்ப வேகமா தள்ளும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எதுவுமே தள்ளாது. தள்றது ஃபைபர் கிளாஸ். மரம் சும்மா பாக்கத்தான்."

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. சும்மா பார்க்கத்தான் என்றால், கேமரூனிலிருந்தும் சுரிநாமிலிருந்தும் கிள்ளான் வரைக்கும் இவ்வளவு மரம் ஏன் வர வேண்டும்? வில்லுக்கு வெளிநாட்டு மரம் என்ற எண்ணம் எப்போது தொடங்கியது? தேடிப் படித்ததில் கிடைத்தது கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுக் கதை.

*

முதலில் வில்லின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நாணை இழுக்கும்போது வில்லின் இரண்டு கைகளும் வளைகின்றன. குறியைப் பார்த்திருக்கும் வெளிப்பக்கத்தை முதுகு என்றும், நம்மைப் பார்த்திருக்கும் உள்பக்கத்தை வயிறு என்றும் வில்காரர்கள் சொல்வார்கள். வளையும்போது முதுகு நீளப் பார்க்கிறது, வயிறு நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நீளாமலும் நசுங்காமலும் ஒரு தளம் இருக்கிறது. முதுகு நீளத் தாங்காவிட்டால் வில் படாரென்று உடையும். வயிறு நசுங்கத் தாங்காவிட்டால் குறுக்கே மயிர்க்கோடுகள் விழுந்து, வில் வளைந்தபடியே சோம்பிவிடும். ஆக, ஒரே வில்லுக்கு இரண்டு குணங்கள் தேவை.

இந்த இரண்டும் ஒரே மரத்தில் அமைந்தது ஐரோப்பாவின் யூ மரத்தில். அதன் வைரம் நசுக்கலைத் தாங்கும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிறப் பகுதி இழுவையைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கட்டையைப் பிளந்து செதுக்கினால், இயற்கையே ஒட்டிக்கொடுத்த அடுக்கு வில் கிடைக்கிறது. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட ஓட்ஸி என்ற ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதனின் அருகில் கிடந்ததும், அவன் செதுக்கி முடிக்காத ஒரு யூ வில்தான்.

இங்கிலாந்தின் நெடுவில்லும் யூதான். ஆனால் அங்கே வளர்ந்த யூ அவ்வளவு நல்லதல்ல. ஈரமான, மிதமான காலநிலையில் வேகமாக வளர்வதால் அதன் வளையங்கள் அகன்றுவிடும். மலைக்குளிரில் மெதுவாக வளர்ந்த ஆல்ப்ஸ் மரமும் ஸ்பானிய மரமும்தான் வேண்டும். ஒரு நாட்டின் படைபலம் இன்னொரு நாட்டு மலையில் நிற்கும் மரத்தை நம்பியிருந்தது. அதற்கு ஆங்கிலேயர்கள் கண்ட வழி சுங்கவரி. 1472-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்துக்குச் சரக்கு கொண்டுவரும் கப்பல்கள் ஒவ்வொரு பெரும்பீப்பாய் அளவுக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும். மூன்றாம் ரிச்சர்ட் 1484-இல் இதை மேலும் இறுக்கினார். இனிப்பு வைன் பீப்பாய் ஒன்றுக்குப் பத்துக் கட்டைகள். குடிக்கக் கொண்டுவந்தாலும் கட்டையோடு வா என்று அர்த்தம்.

விளைவை ஊகிக்கலாம். யூ மிக மெதுவாக வளரும் மரம். வில்லுக்கேற்ற முடிச்சில்லாத நேர்த்தண்டு ஆவதற்கு ஒரு மனித ஆயுளுக்கு மேல் ஆகும். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் நல்ல யூ மரங்கள் 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அநேகமாகத் தீர்ந்துபோயின. 1545-இல் மூழ்கி, 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் 137 முழு விற்கள் கிடைத்தன. ஒரே ஒரு கப்பலின் சுமை இது. 1595-இல் எலிசபெத் அரசி தன் படைகளின் விற்களைத் துப்பாக்கிகளாக மாற்ற ஆணையிட்டார். துப்பாக்கி மேம்பட்டது ஒரு காரணம் என்றால், மரம் இல்லாமல் போனது மற்றொன்று.

*

மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545-இல், ரோஜர் ஆஸ்காம் என்பவர் வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பெயர் 'டாக்ஸோஃபிலஸ்'. அதில் எந்த மரம் வில்லுக்கு ஆகும் என்று ஒரு தீர்ப்பு வருகிறது. எல்ம், ஆஷ் போன்ற உள்ளூர் மரங்களைச் சுமார் என்று ஒதுக்கிவிட்டு யூவுக்கு முடிசூட்டுகிறார். ஒதுக்கப்பட்டவற்றில் பிரேசில் என்றொரு மரமும் இருக்கிறது.

அந்தச் சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிரேசில் என்ற நாடு அந்தப் பெயரைப் பெறுவதற்கு முன்பே ஐரோப்பாவில் பிரேசில் என்றொரு மரம் விற்பனையில் இருந்தது. ஆசியாவிலிருந்து போன சிவப்புச் சாயக்கட்டை அது. தமிழில் சப்பங்கம், மலாயாளத்தில் அல்ல, மலாயில் செப்பாங். நம் விமான நிலையம் இருக்கும் ஊர்ப்பெயரும் அதுவே. போர்ச்சுகீசியர்கள் அட்லாண்டிக்குக்கு அப்பால் அதேபோல் சிவப்புச் சாயம் தரும் வேறொரு மரத்தைக் கண்டபோது பழைய பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகு அந்த மரம் விளைந்த நிலத்துக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆக, அயல்நாட்டு வைரமரத்தை வில்லுக்கு முயன்று பார்க்கும் பழக்கம் 1545-லேயே இருந்திருக்கிறது. அந்த மரம் வில்லுக்காகக் கப்பல் ஏறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். துணிக்குச் சாயம் போட வந்த கட்டையில் ஒரு துண்டு வில்காரன் கைக்குப் போனது. இந்தக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

*

துப்பாக்கி வந்தபின் வில் இரு நூற்றாண்டுகள் ஓரமாகக் கிடந்தது. அது திரும்பி வந்தது செல்வந்தர்களின் விளையாட்டாக. லண்டனில் லெய்ஸ்டர் ஹவுஸில் அருங்காட்சியகம் நடத்திய சர் ஆஷ்டன் லீவர் 1781-இல் டாக்ஸோஃபிலைட் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய செயலாளர் தாமஸ் வேரிங் மேசையில் குனிந்து எழுதி எழுதி நெஞ்சுவலி வந்து, வில் பழகியதும் குணமானதைப் பார்த்து லீவரும் வில்லெடுத்தார் என்பார்கள். பிறகு இளவரசர் ஆதரவு தந்தார். பச்சைச் சீருடை, விருந்து, பதக்கம் எல்லாம் சேர்ந்துகொண்டன.

விளையாட்டு திரும்பியது, யூ திரும்பவில்லை. நீளமான, குறையற்ற யூ கட்டை அரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்தது. வில்காரர்கள் ஒட்டுவேலைக்கு வந்தார்கள். முதுகுக்கு இழுவை தாங்கும் ஒரு பட்டை, வயிற்றுக்கு நசுக்கல் தாங்கும் ஒரு கட்டை, நடுவில் பசை. யூ தனக்குள் வைத்திருந்த இரண்டு குணங்களை இரண்டு மரங்களிலிருந்து வாங்கிச் சேர்த்தார்கள்.

ஒட்டு வில் ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். வட ஐரோப்பாவின் சாமி மக்கள் பிர்ச்சையும் பைனையும் ஒட்டி வில் செய்தார்கள். ஜப்பானியரின் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமான யூமி வில், மூங்கிலையும் மரத்தையும் அடுக்கிச் செய்யப்படுவது. ஆனால் அவர்கள் சுற்றுப்புறத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள். லண்டன் வில்காரனின் சுற்றுப்புறமோ துறைமுகம்.

அந்தத் துறைமுகத்துக்கு என்னவெல்லாம் வந்தன? முதுகுக்கு வட அமெரிக்காவின் ஹிக்கரி. வயிற்றுக்கு ஜமைக்காவின் லான்ஸ்வுட், கியூபாவின் லெமன்வுட், கயானாவின் கிரீன்ஹார்ட்டும் பாம்புத்தோல் வரி ஓடிய ஸ்னேக்வுட்டும், மஞ்சள் சாயக்கட்டையான ஃபஸ்டிக். ஏன் வெப்பமண்டல மரம்? அடர்த்திதான் காரணம். யூ ஒரு கன மீட்டருக்குச் சுமார் 670 கிலோ. கிரீன்ஹார்ட் ஏறக்குறைய 1,000 கிலோ, நீரில் மிதக்க யோசிக்கும் மரம். ஸ்னேக்வுட் 1,200 கிலோ, நேரே மூழ்கும். பொதுவாக அடர்த்தி கூடக் கூட நசுங்காமல் நிற்கும் வலிமையும் கூடும். எடையும் கூடும் என்பதுதான் சிக்கல். வில்லின் நுனி கனமானால் அதன் சக்தி அம்புக்குப் போகாமல் நுனியை நகர்த்துவதிலேயே செலவாகும். எனவே அடர்ந்த மரத்தில் கையைக் குறுக்கி, நுனியை மெலித்துச் செதுக்கினார்கள். மரத்தைத் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த ஹோரஸ் ஃபோர்டு, 1856-இல் நூலாக வந்த தன் எழுத்தில் ஒற்றை மரமா, ஒட்டு வில்லா என்று விரிவாக விவாதிக்கிறார். அவருக்கு அது அழகுப் பிரச்சினை அல்ல, புள்ளிக்கணக்கு.

இந்த மரங்களும் வில்லுக்காகக் கப்பல் ஏறியவை அல்ல. லான்ஸ்வுட் குதிரைவண்டி ஏர்க்கால்களுக்காக வந்தது. கிரீன்ஹார்ட்டைக் கடற்புழு எளிதில் அரிக்காது என்பதால் கப்பல்துறைகளுக்கு வந்தது. நான்சன் வடதுருவம் நோக்கிப் போன ஃப்ராம் கப்பலுக்குப் பனி உரசாமல் இருக்கப் போர்த்தியதும் கிரீன்ஹார்ட்தான். அதே கப்பல்பாதையில் சர்க்கரையும் வந்தது. ஜமைக்காவில் 1830-கள் வரைக்கும், கியூபாவில் 1886 வரைக்கும் அடிமைமுறை இருந்தது. பச்சைச் சீருடைக் கனவான்களின் வில், அந்த வணிகத்தின் ஓரத்தில் விழுந்த துண்டுகளால் ஆனது.

இருந்தாலும் இந்தக் காலத்து வில்காரனுக்கு ஒரு நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். அந்த மரம் இல்லாமல் அந்த வில் இல்லை. வயிற்றில் இருந்த லெமன்வுட் உண்மையாகவே வேலை செய்தது.

*

அது மாறியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. போர்விமானங்களுக்காக வளர்ந்த செயற்கைப் பிசின்கள் பழைய தோல்பசையின் இடத்தைப் பிடித்தன. தோல்பசை ஈரம் பட்டால் இளகும், செயற்கைப் பிசின் இளகாது. பிறகு கண்ணாடியிழை வந்தது. 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் அமெரிக்காவில் ஃப்ரெட் பேர், ஃப்ராங்க் ஐகோல்ட்ஸ் போன்றவர்கள் இழைகள் ஒரே திசையில் ஓடும் கண்ணாடியிழைப் பட்டையை வில்லின் முதுகிலும் வயிற்றிலும் ஒட்டினார்கள். நடுவில் மேப்பிள் அல்லது மூங்கில்.

இது செய்த மாற்றத்தை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். கையின் தடிமன் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே 1, கீழே 1 மில்லிமீட்டர் கண்ணாடியிழை, நடுவில் 8 மில்லிமீட்டர் மேப்பிள். வளைவில் உழைப்பது பெரும்பாலும் வெளி அடுக்குகள்தாம். நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக ஒரு பொருளின் பங்கு வேகமாகக் கூடுகிறது. கண்ணாடியிழை மேப்பிளைப்போல் மூன்று மடங்கு விறைப்பானது. பெருக்கிப் பார்த்தால், ஐந்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள கண்ணாடியிழை, கையின் விறைப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைத் தருகிறது. நடுமரத்தின் முக்கிய வேலை இரண்டு பட்டைகளையும் விலக்கிப் பிடித்திருப்பது, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பார்த்துக்கொள்வது. ஐஸ்கிரீம் சாண்ட்விச்சில் ஐஸ்கிரீமுக்குள்ள வேலை.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருவோம். கண்ணாடியிழையில் நிறமற்றதும் உண்டு. அதன் அடியில் அரை மில்லிமீட்டர் கொக்கோபோலோ இழைப்பை ஒட்டினால், நிறமும் வரியும் அப்படியே தெரியும். அம்புக்கு வித்தியாசம் தெரியாது. மரம் மாறியதால் விறைப்பு கூடக்குறைய ஆனாலும், உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்தால் சரியாகிவிடும். பிடியில் கதை சற்று வேறு. அங்கே எடை வேண்டும். கனமான பிடி விடும்போது ஆடாது. அதற்கு அடர்ந்த மரம் உதவும், ஆனால் ஊதா மரம்தான் வேண்டும் என்பதில்லை.

சொல்லப்போனால் இந்த மரங்கள் தொல்லை பிடித்தவை. கொக்கோபோலோ, ரோஸ்வுட் போன்றவற்றில் எண்ணெய் அதிகம். அசிட்டோனால் துடைத்து, தேய்த்த கையோடு பசை போடாவிட்டால் ஆறு மாதத்தில் அடுக்கு பிரியும். அவற்றின் தூள் சிலருக்குத் தோலில் கொப்புளமும் மூச்சிரைப்பும் தரும். அண்ணனுக்குக் கொக்கோபோலோ ஆகாது. முழங்கைவரை உறை போட்டுக்கொண்டுதான் அறுப்பார். நம் ஊர் ஈரக்காற்றில் மரம் தன் எடையில் பதினைந்து விழுக்காடு வரை நீர் பிடித்துக்கொள்ளும். அதை எட்டு விழுக்காட்டுக்கு இறக்க, பல்பு எரியும் ஒரு பெட்டியில் வாரக்கணக்கில் வைத்திருக்கிறார். இவ்வளவும் பார்வைக்காக.

1950-களிலும் 60-களிலும்தான் பிரேசில் ரோஸ்வுட், புபிங்கா, ஆப்பிரிக்க மரங்கள் என்று பிடிகளில் வண்ணம் பெருகியது. 1970-களில் போட்டி விற்களின் பிடி உலோகமாகிவிட்டது. மரவில் போட்டியிலிருந்து விலகி ரசனைப் பொருளானது. தேவை போனபிறகு ஆசை வளர்ந்த கதை இது.

*

ஆசைக்குக் கணக்கு கேட்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், சுருக்கமாக சைட்டிஸ். அதன் முதல் பட்டியலில் ஏறினால் வணிகத்துக்குத் தடை, இரண்டாம் பட்டியலில் ஏறினால் உரிமம் வேண்டும். பிரேசில் ரோஸ்வுட் 1992-இல் முதல் பட்டியலில் ஏறியது. 2016-இல் ஜோஹனஸ்பர்க் மாநாட்டில், மீதமுள்ள ரோஸ்வுட் இனங்கள் அனைத்தும் மொத்தமாக இரண்டாம் பட்டியலுக்குப் போயின. மூன்று வகைப் புபிங்காவும் சேர்ந்துகொண்டது. 2022-இல் பனாமாவில் ஆப்பிரிக்கப் படாக் இனங்களும் தென்னமெரிக்க இப்பே மரமும் வந்தன. அண்ணனின் மைலோ டின்னில் பாதி, இன்று பட்டியலில் இருக்கிறது.

இதற்கு வில்காரர்களைக் குற்றம் சொன்னால் அது பொய். ரோஸ்வுட் காடுகளைத் தின்றதில் பெரும்பங்கு சீனத்தின் செம்மரத் தளவாடச் சந்தைக்கு. இப்பே நியூயார்க் கடற்கரை நடைபாதைகளின் பலகையாகப் போனது. கண்ணாடியிழையே இல்லாமல் மூங்கில் முதுகும் இப்பே வயிறுமாகச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மரம் உண்மையில் தேவை, விக்டோரியா காலத்து வில்காரனுக்கு லெமன்வுட் தேவைப்பட்டதுபோல. உலகத்து வில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கும் மரம், அறைகலன் வியாபாரத்துக்கு முன்னால் தூசு.

அண்ணனும் இதைத்தான் சொன்னார். "நான் வருஷத்துக்கு பத்து வில்லு செஞ்சா அதிகம். நானா காட்ட அழிச்சேன்?"

இல்லைதான். ஆனாலும் எனக்கு யூ மரம் நினைவுக்கு வந்தது. இந்த ஐந்நூறு ஆண்டுக் கதையில் வில்லே ஒரு காட்டின் முதல் வாடிக்கையாளராக இருந்தது அங்கு ஒரே ஒரு முறை. அந்தக் காடு என்ன ஆனது என்று பார்த்தோம். அதற்கப்புறம் வில்காரன் நல்லவனாகிவிடவில்லை, சின்னவனாகிவிட்டான். சின்னவன் என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் கிட்டார் செய்பவரும் அதையே சொல்கிறார், கத்திப்பிடி செய்பவரும் அதையே சொல்கிறார்.

எக்ஸாட்டிக் என்ற சொல்லையும் யோசித்தேன். யாருக்கு அயல்? வில் மர விற்பனையில் 'ஈஸ்ட் இந்தியன் ரோஸ்வுட்' என்றொரு மரம் வரும். அது நம் ஈட்டி மரம், தோதகத்தி. மேற்குத் தொடர்ச்சி மலைக்காரருக்கு அது வீட்டுக் கதவு. அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டமே போட்டார்கள். செங்கல் நிறத்தில் நான் வியந்து பார்த்த படாக், நமது வேங்கைக்கும் அங்சானாவுக்கும் உறவு. மூன்றும் ஒரே பேரினம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாலையோரம் மஞ்சள் பூவாகக் கொட்டுமே, அதே அங்சானா. பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விட்டுவிடும் என்பதால் சிங்கப்பூரைப் பசுமை நகராக்கியபோது ஏராளமாக நட்டார்கள். காட்டில் அது அருகிவருகிறது, சாலையோரத்தில் நிழல் தருகிறது.

அந்தப் பேரினத்தில் இன்னொரு உறவும் உண்டு, ஆந்திரத்தின் செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துக் கூலிகள். அந்த மரம் போய்ச்சேர்வது வில்லுக்கல்ல, சீனத்து நாற்காலிக்கும் ஜப்பானிய சாமிசென் வாத்தியத்தின் கழுத்துக்கும். என்றாலும், அழகான சிவப்பு மரத்துண்டு ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அது எங்கே நின்றது, யார் வெட்டினார்கள் என்று கேட்பதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை. தமிழர்கள் இந்தக் கதையில் வாங்குபவராக மட்டும் இல்லை.

*

மறுவாரம் அண்ணனிடம் போய், "பால்மரத்துல செய்ய முடியுமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பால்மரம் இங்கே யாருக்கும் அயல் மரமாகத் தோன்றாது. ஆனால் அகராதிப்படி அதுதான் அசல் அயல் மரம். 1876-இல் அமேசானிலிருந்து விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்தன. மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி அங்கே பழக்கினார். அப்புறம் நடந்ததை நம் வீடுகளில் கேட்டுக்கொள்ளலாம். பெரட்டு, நிரை, மங்கு என்று நாம் பேசும் தமிழிலேயே அந்த மரம் கலந்திருக்கிறது. சுமார் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். முன்பு விறகுக்கும் கரிக்கும் போனது. 1980-களிலிருந்து மலேசியாவின் அறைகலன் தொழிலே அதன்மேல் நிற்கிறது. எப்படியும் சாயப்போகும் மரம், யாரும் அதற்காகக் காட்டுக்குள் போக வேண்டாம்.

வில்லுக்கு ஆகுமா? ஒற்றை மரமாகச் செதுக்கினால் ஆகாது. ஆனால் கண்ணாடியிழைக்கு நடுவில் வைக்கக் கணக்கு இடம் தருகிறது. அது மேப்பிளைவிடக் கொஞ்சம் இளகியது. அதே தடிமனில் 40 பவுண்டு வில் 37 பவுண்டாகும். கையைக் கால் மில்லிமீட்டர் தடிப்பாக்கினால் 40 திரும்பிவிடும். எண்ணெய் இல்லாததால் பசை நன்றாகப் பிடிக்கும். பூச்சியும் நீலப்பூசணமும் சீக்கிரம் வரும் என்பதால் மருந்தேற்றிய பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் துண்டு துண்டாகக் கோத்த பலகை. ஒரு கைக்கு ஒட்டில்லாத 90 சென்டிமீட்டர் பட்டை தேடி எடுக்க வேண்டும். பிடிக்கு எடை போதாது, அதற்கு இடித்த வீட்டின் செங்கால் உத்தரத்திலிருந்து ஒரு துண்டு.

"செய்யலாம்தான்," என்றார் அண்ணன். "ஆனா வெள்ளையா, சப்புனு இருக்கும். காசு குடுத்து வாங்கறவன் ஊதா கேக்கறான் தம்பி. ஒனக்கு செய்றேன், எல்லாத்துக்கும் செய்ய முடியாது."

அவருக்கு அது மாதக்கடைசிச் செலவு. நான் வாதாடவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன், மைலோ டின்னில் பெயருக்குப் பக்கத்தில் நாட்டையும் எழுதி வைக்க முடியுமா என்று. இப்போது ஒவ்வொரு துண்டிலும் இரண்டாவது சொல் ஒன்று இருக்கிறது. கேமரூன், காங்கோ, சுரிநாம், பனாமா. அதைப் படித்துவிட்டும் ஊதாவை எடுப்பவர்கள் எடுக்கிறார்கள். இரண்டு பேர் எடுக்கவில்லை என்றார்.

என் வில் மூன்று மாதத்தில் முடிந்தது. நிறமற்ற கண்ணாடியிழைக்கு அடியில் வெளிர்மஞ்சள் மரம், பிடியில் எழுபது வருட வீட்டின் கருமை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினேன். முப்பது வருடம் நிரை பிடித்துப் பால் வெட்டியவர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கையின் ஓரத்தை நகத்தால் வருடிப் பார்த்தார்.

"பால்மரந்தானே இது?"

"ஆமா பாட்டி."

"இத விறகுக்குல்ல போடுவோம்," என்று திருப்பித் தந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.